வார்டுக்குள் போவதற்கு எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள்: கொழும்புக்குத் தாதிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு

பதுளையிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியற்காலை கோட்டை நிலையத்தில் இறங்கினேன். இரண்டு சோடி வெள்ளைச் சீருடை, சான்றிதழ்கள், அம்மா சுற்றித் தந்த தேயிலைப் பொட்டலம் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருந்தன. தடுப்பூசி அட்டை மட்டும் இல்லை. அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் என் வகுப்பில் மற்றவர்கள் வார்டுக்குப் போனபோது நான் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அனுமதி கிடைத்துப் போன இரண்டாவது வாரமே, ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கான மூன்றாவது தடுப்பூசி போட்டு முடிவதற்குள், இன்னொருவர் பெட்டியில் போடாமல் விட்ட ஊசி என் விரலில் ஏறியது. அடுத்த மூன்று மாதமும் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும்.

தொற்று எப்படிப் பரவுகிறது, தாதி அதை எங்கே மறிக்கிறாள் என்பதைப் பாடப்புத்தகம் நன்றாகவே சொல்கிறது. எதை எப்போது செய்ய வேண்டும், எந்தத் தாள் வேண்டும், எங்கே பணம் போகும் என்பதைத்தான் சொல்வதில்லை. தனியார் பயிற்சிக் கல்லூரிகளுக்கு வருபவர்கள் இவற்றைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே எழுதுகிறேன்.

1. ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே தாள்களைத் தேடுங்கள்

நீங்கள் பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த சுகாதாரப் பதிவேடு வீட்டு அலுமாரியில் எங்கேயாவது இருக்கும். அதை எடுங்கள். பிசிஜி (காசநோய்க்கானது), சின்னமுத்து, ருபெல்லா, ஹெபடைடிஸ் பி ஆகிய ஊசிகள் எந்தத் தேதியில் போடப்பட்டன என்று பாருங்கள். இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி 2003 ஆம் ஆண்டில்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குக் குழந்தைப் பருவத்தில் அது கிடைத்திருக்காது. அடுத்து வந்த சில வருடங்களில் பிறந்தவர்களும் ‘போட்டிருப்பார்கள்’ என்று நம்பாமல் பதிவைப் பார்க்க வேண்டும். கொப்பி தொலைந்திருந்தால் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். பழைய பதிவேட்டைத் தேடித் தர அவர்களுக்கு நாள் எடுக்கும். கொழும்பில் இருந்துகொண்டு இதைத் தொலைபேசியில் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எனக்கு இரண்டு தடவை விடுமுறை எடுத்துப் போக வேண்டியதாயிற்று.

சேர்த்து வைக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மருத்துவச் சான்றிதழ், நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கை, இரத்தச் சோதனை அறிக்கைகள். எக்ஸ்ரேக்குப் படம் மட்டும் போதாது, வைத்தியர் வாசித்து எழுதிய தாளும் வேண்டும். எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. உங்கள் கல்லூரி எவற்றைக் கேட்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்து, கையடக்கத் தொலைபேசியிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் பலர் விழும் குழி ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, ஊசி போட்டவர் அட்டையில் தன் காதில் விழுந்தபடி எழுதிய மூன்றாவது எழுத்து. என் அட்டையில் அப்பாவின் பெயர் எனக்கும், என் பெயர் அப்பாவுக்கும் போயிருந்தன. ஊசி போடும் இடத்தில் அடையாள அட்டையை நீட்டி, ‘இதைப் பார்த்து எழுதுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். பிறகு திருத்தப் போனால் ஒரு நாள் முழுதாகப் போய்விடும்.

2. ஊசிக் கணக்கு

ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி. முதலாவது இன்று என்றால் இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். மூன்றாவது போட்டு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் இரத்தத்தில் எதிர்ப்பொருள் வந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஆக மொத்தம் ஏழு, எட்டு மாதம். தலைப்பில் எட்டு என்று எழுதியது அதற்காகத்தான். அவசரம் என்றால் 0, 1, 2 ஆவது மாதங்களில் மூன்றும் போட்டு, 12 ஆவது மாதத்தில் நான்காவது போடும் முறையும் உண்டு. அதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது ஊசிக்குத் தாமதமாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதைத் தெரியாமல் மீண்டும் முதல் ஊசிக்குப் பணம் கட்டிய தோழி எனக்கு இருக்கிறாள்.

சோதனையின் பெயரில் கவனம். ஆய்வுகூடத்தில் ‘ஹெபடைடிஸ் பி சோதனை’ என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் எச்.பி.எஸ். ஏஜி செய்துவிடுவார்கள். அது உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பது. உங்களுக்கு வேண்டியது எதிர்ப்பொருளைப் பார்க்கும் அன்டி எச்.பி.எஸ்., அதிலும் எண்ணாக அளவு தரும் சோதனை. அறிக்கையில் மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கொள்வார்கள். ‘உண்டு’, ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் வரும் அறிக்கை பிறகு உதவாது. நான் முதலில் தவறான சோதனைக்குப் பணம் கட்டி, சரியானதற்கு மறுபடியும் கட்டினேன்.

குழந்தையாக இருந்தபோதே ஊசி போட்டவர்களுக்கு இப்போது அளவு 10க்குக் கீழே வரலாம். பயப்பட வேண்டாம். உடம்பு மறந்திருக்காது. ஒரு ஊசி கூடுதலாகப் போட்டு மீண்டும் சோதிப்பார்கள், பெரும்பாலானவர்களுக்கு அளவு ஏறிவிடும்.

அடுத்தது கொப்பளிப்பான். இதற்கான ஊசி நம் தேசியத் திட்டத்தில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். சிறு வயதில் நோய் வந்திருந்தால் தேவையில்லை. வராதவர்களுக்குக் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. என் அறைத் தோழி இதை வீண் செலவு என்று விட்டுவிட்டாள். வார்டில் ஒரு பிள்ளைக்குக் கொப்பளிப்பான் வந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவருக்கு நோயாளியுடன் தொடர்பு ஏற்பட்டால், எட்டாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள்வரை நோயாளிகள் பக்கமே விட மாட்டார்கள். கொப்பளம் எழுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடும் நோய் அது. அவளுக்கு நோய் வரவில்லை, ஆனால் இரண்டு வாரப் பயிற்சி போயிற்று. அதை ஈடுசெய்ய வருடக் கடைசியில் தனியாக நின்றாள்.

விலையைப் பற்றி. டொலரோடு ஏறி இறங்குவதால் எண் சொல்லிப் பயனில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ‘ஊசியின் விலை மட்டுமா, வைத்தியர் கட்டணமும் மருத்துவமனைக் கட்டணமும் சேர்ந்தா?’ சில இடங்களில் ஒவ்வொரு ஊசிக்கும் வைத்தியரைச் சனல் செய்யச் (பணம் கட்டி முன்பதிவு செய்யச்) சொல்வார்கள், மூன்று ஊசிக்கு மூன்று தடவை. தடுப்பூசிக்கென்று தனி இடம் வைத்திருக்கும் மருத்துவமனையில் அது குறையும். குறைந்தது மூன்று இடத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். எனக்கு ஊசிகளும் இரண்டு சோதனைகளும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மாதப் போர்டிங் வாடகை ஆயிற்று. முதல் நாளே மொத்தத்தையும் எடுத்து வைத்துவிட்டால் ஆறாவது மாதத்தில் கை கடிக்காது. ஊசிப் புட்டியின் மேல் இருக்கும் சிறு ஒட்டியை அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கும்.

3. சீருடை, சப்பாத்து, கைக்கடிகாரம்

சீருடை இரண்டு போதாது, மூன்று வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளவத்தைப் போர்டிங்கில் துணி ஒரு நாளில் காய்ந்ததாக எனக்கு நினைவில்லை. ஈரச் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்துவது உங்களுக்கும் கேடு, நோயாளிக்கும் கேடு. சப்பாத்து முன்புறம் மூடியதாக, துடைக்கக்கூடியதாக இருக்கட்டும். துணிச் சப்பாத்தில் ஒரு துளி இரத்தம் விழுந்தால் அது போகாது. கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டக்கூடாது. சட்டையில் குத்தும் கடிகாரம் வாங்குங்கள். நாடித்துடிப்பு எண்ண நொடிமுள் வேண்டும், எண் மட்டும் காட்டுவது தொல்லை.

முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது. மோதிரம், வளையல், நகப்பூச்சு, ஒட்டு நகம் எதுவும். இங்கே நம் வீடுகளில் ஒரு சங்கடம் எழும். கேதார கௌரி விரதக் காப்பு, கோயில் நூல், கண்ணூறுக்குக் கட்டிய கறுப்புக் கயிறு. சிங்களத் தோழிகளுக்கும் பிரித் நூலால் இதே பிரச்சினைதான். நூல் நனைந்தால் காயாது, அதற்கு அடியில் தோலைக் கழுவவும் முடியாது. ஒரு சிஸ்டர் என்னிடம், ‘தங்கச்சி, அம்மனைக் கழற்றச் சொல்லவில்லை, கொஞ்சம் மேலே ஏறி இருக்கச் சொல்லுங்கள்’ என்றார். தோளுக்குக் கீழே, சீருடைக் கைக்குள் மறையும்படி கட்டிக்கொண்டேன். அம்மாவுக்கும் திருப்தி.

4. கிருமி எந்த வழியால் வருகிறது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், வகுப்பில் விரிவாகப் படிப்பீர்கள். கிருமி ஒன்று, அது தங்கும் இடம், வெளியேறும் வாசல், பயணம் செய்யும் வழி, உள்ளே நுழையும் வாசல், தாங்க முடியாத உடம்பு. இந்த ஆறும் ஒன்றோடொன்று கோத்திருந்தால்தான் தொற்று. ஒன்றை அறுத்தால் போதும். தாதியின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் ‘வழி’தான்.

வார்டில் அந்த வழிகளை மூன்றாகப் பிரிப்பார்கள். தொடுகையால் வருபவை: சீழ்ப்புண், வயிற்றோட்டம், சொறி, மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்கள். இவற்றுக்குக் கையுறையும் மேலங்கியும். பெரிய துளிகளால் வருபவை: இன்ஃபுளுவென்சா, குக்கல். சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசம் போதும். காற்றில் மிதந்து வருபவை: காசநோய், சின்னமுத்து, கொப்பளிப்பான். இவற்றுக்கு நுண்துகளையும் தடுக்கும் என்95 முகக்கவசம், தனி அறை, மூடிய கதவு. சின்னமுத்து நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கலாம். ‘ஆள் போய்விட்டார்தானே’ என்று முகக்கவசமில்லாமல் விரிப்பு மாற்றப் போகாதீர்கள்.

கொழும்பில் நான்காவது ஒன்றையும் கணக்கில் வையுங்கள்: நுளம்பு. டெங்கு நோயாளியைப் பகலிலும் வலைக்குள் வைப்பது அவரைக் காப்பாற்ற மட்டுமில்லை. அவரைக் கடிக்கும் நுளம்பு கிருமியை எடுத்துக்கொண்டு சில நாளில் பக்கத்துக் கட்டிலுக்கு வரும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பூச்சாடித் தண்ணீர், குளிரூட்டியின் அடித்தட்டு, யன்னலோரம் மறந்துபோன கிண்ணம் ஆகியவற்றைப் பார்ப்பது சிற்றூழியரின் வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

5. கை

ஐந்து தருணங்கள்: நோயாளியைத் தொடுமுன், கிருமி புகக்கூடாத வேலையைத் தொடங்குமுன், இரத்தமோ உடல் திரவமோ பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்டபின். உலக சுகாதார நிறுவனத்தின் இந்தப் படம் எல்லாச் சுவரிலும் இருக்கும். பரீட்சைக்குச் சொல்லிவிடுவீர்கள். வார்டில் மறப்பது இரண்டாவதையும் ஐந்தாவதையும்.

ஐந்தாவதைப் பற்றி ஒரு காட்சி. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘ஐயா, எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்கிறீர்கள். அவரைத் தொடவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய் அங்குள்ளவரின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறீர்கள். கம்பியில் இருந்தது இப்போது அவர் கையில். இடையில் மூன்றடித் தூரம்தான், இருபது நொடி வேலைதான். என்னைப் பிடித்த தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி உத்தியோகத்தர் காட்டியது இதைத்தான். திட்டவில்லை. நான் காலையிலிருந்து தொட்டவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தார், நாற்பதுக்கு மேல். அதைப் படிக்கச் சொல்லிக் கையில் தந்தார்.

கை அழுக்காகத் தெரியாவிட்டால் மதுசாரத் தேய்ப்பே சிறந்தது, 20 முதல் 30 நொடி, காயும்வரை. துணியில் துடைத்துக் காயவைப்பது ஏமாற்று. அழுக்கு, இரத்தம் தெரிந்தால் சவர்க்காரமும் தண்ணீரும், 40 முதல் 60 நொடி. வயிற்றோட்ட நோயாளிக்குப் பிறகு எப்போதும் சவர்க்காரம்தான். குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் போன்ற சில கிருமிகளின் வித்துகள் மதுசாரத்துக்குச் சாவதில்லை, கழுவித்தான் ஓட்ட வேண்டும். பெருவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு மூன்றையும்தான் எல்லோரும் விடுவார்கள். எங்கள் வகுப்பில் புறஊதா விளக்கின்கீழ் ஒளிரும் திரவத்தைத் தேய்த்துக் கழுவச் சொன்னபோது என் இரண்டு பெருவிரலும் மின்மினிபோல மின்னின.

கை வெடித்தால் சொல்லாமல் இருக்காதீர்கள். வெடித்த தோல் கிருமிக்கு வாசல். மணமில்லாத கிறீம் ஒன்றைப் பணி முடிந்ததும் பூசுங்கள். சவர்க்காரத்தால் கழுவி ஈரம் காய்வதற்குள் மதுசாரம் தேய்ப்பதுதான் எரிச்சலுக்குப் பெரிய காரணம். ஒன்றைத்தான் செய்யுங்கள்.

6. கையுறையும் முகக்கவசமும்: போடுவதைவிடக் கழற்றுவது கடினம்

கையுறை போட்டவுடன் நமக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அதே கையுறையோடு நோயாளியின் குறிப்பேடான கட்டில் தலைப்பட்டியை எழுதுகிறோம், திரையை இழுக்கிறோம், சட்டைப் பையில் துடிக்கும் தொலைபேசியை எடுக்கிறோம். கையுறை உங்களைக் காப்பாற்றுகிறது, அடுத்தவரைக் காப்பாற்றவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு சோடி. ஒரே நோயாளியில் அழுக்கான இடத்திலிருந்து சுத்தமான இடத்துக்குப் போனாலும் மாற்ற வேண்டும். கழற்றியபின் கை சுத்தம் செய்ய வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும்.

கழற்றும் வரிசை இடத்துக்கு இடம் சற்று மாறும், உங்கள் வார்டுச் சுவரில் உள்ளதையே பின்பற்றுங்கள். எங்களுடையது: கையுறை, மேலங்கி, கை சுத்தம், கண் கவசம், கடைசியாக முகக்கவசம், மீண்டும் கை சுத்தம். என்95ஐ அறைக்கு வெளியே வந்து கதவை மூடிய பிறகே கழற்ற வேண்டும். முன்பக்கத்தைத் தொடாமல் பட்டியை மட்டும் பிடியுங்கள். போடும்போது இரண்டு உள்ளங்கையாலும் மூடி மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள். மூக்கோரமாகக் காற்று கண்ணில் பட்டால் அது சரியாகப் பொருந்தவில்லை. முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டுப் பேசுவது கொழும்பு முழுவதும் உள்ள பழக்கம். வார்டில் அதைச் செய்தால் உள்பக்கம் கழுத்தில் பட்டு அழுக்காகும், வேறொன்று எடுக்க வேண்டும்.

7. ஊசியும் குப்பைத் தொட்டியும்

யார் குத்தினாரோ அவரே ஊசியைப் பெட்டியில் போட வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் ஊசிப்பெட்டியைக் கட்டிலருகே கொண்டு போங்கள், ஊசியைப் பெட்டியிடம் நடத்திக்கொண்டு போகாதீர்கள். ஊசியின் மூடியை மீண்டும் மாட்டக்கூடாது. பெட்டி முக்கால் பங்கு நிறைந்தால் மூடி மாற்ற வேண்டும். ‘இன்னும் ஒன்று போகும்’ என்று அழுத்துபவர்தான் அடுத்து குத்துப்படுவார்.

நிறங்களில் ஒரு பொறி இருக்கிறது. நாம் இரவில் படுத்துக்கொண்டு பார்க்கும் தமிழ்ப் பாட வீடியோக்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே 2016 விதிகளின்படி சிவப்புத் தொட்டி நோயாளிக்குப் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாய்களுக்கு, வெள்ளை ஊசிகளுக்கு, நீலம் கண்ணாடிக்கு. இங்கே தொற்றுக் கழிவு மஞ்சள், கூர்மையானவை சிவப்புக் கோடிட்ட மஞ்சள், கண்ணாடி சிவப்பு, காகிதம் நீலம், உணவுக் கழிவு பச்சை, பிளாஸ்டிக் செம்மஞ்சள், பொதுக் குப்பை கறுப்பு. வீடியோவை நம்பி இங்கே இரத்தம் பட்ட சேலைன் குழாயைச் சிவப்பில் போட்டால் அது கண்ணாடி பொறுக்குபவரின் கைக்குப் போகும். நான் முதல் வாரம் அதைத்தான் செய்தேன். நடைமுறைப் பரீட்சையிலும் இதற்குப் புள்ளி குறைப்பார்கள்.

8. ஊசி குத்திவிட்டால்: முதல் இரண்டு மணி நேரம்

இந்தப் பகுதியைத் தொலைபேசியில் சேமித்து வையுங்கள்.

உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பிதுக்கி இரத்தம் எடுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், குளோரின் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீர் அல்லது சேலைனால் அலசுங்கள். பிறகு வார்டுப் பொறுப்புச் சிஸ்டரிடம் சொல்லுங்கள். ‘ஏசுவார்கள்’ என்ற பயம்தான் இங்கே பெரிய ஆபத்து. நான் ஐந்து மணி நேரம் சொல்லாமல் இருந்தேன். ஏச்சு விழுந்தது, ஆனால் குத்துப்பட்டதற்கில்லை, ஐந்து மணி நேரம் மறைத்ததற்கு.

அபாயம் எவ்வளவு? ஊசி யாருடைய இரத்தத்தில் நனைந்ததோ அவருக்கு எச்.ஐ.வி. இருந்தால் நமக்குத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவில். ஹெபடைடிஸ் சி நூற்றுக்கு இரண்டுக்குள். ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவர்களுக்கு, நூற்றுக்கு 6 முதல் 30 வரை. இந்த மூன்றாவது எண்ணைப் படித்தபோதுதான் முதல் நாள் ஏன் தடுப்பூசி அட்டை கேட்டார்கள் என்று விளங்கியது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில், குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்றால் ஓரிரு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு கொடுப்பதில்லை. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பிக்குப் பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமான எதிர்ப்பொருள் ஊசி), முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். உங்களிடம் எண்ணோடு கூடிய அன்டி எச்.பி.எஸ். அறிக்கை இருந்தால் இந்த இரண்டாவது பதற்றம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். என்னிடம் இல்லாததால் இரவில் அதற்கும் அலைந்தோம்.

கொழும்பு 10இல் டி சேரம் பிளேசில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது. தேசிய வைத்தியசாலையிலிருந்து நடந்தே போகலாம். வெள்ளவத்தையிலிருந்து வருபவர்கள் பொரளைக்கு 154 பஸ்ஸில் வந்து அங்கிருந்து முச்சக்கரவண்டி பிடிக்கலாம். சேவை இலவசம், இரகசியம் காப்பார்கள். பகல் நேரத்துக் கிளினிக் என்பதால் இரவில் குத்துப்பட்டால் உங்கள் மருத்துவமனை அவசரப் பிரிவிலேயே தொடங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. வாசலில் பெயர்ப் பலகையைப் பார்த்துக் கூசி நான் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். உள்ளே இருந்தவர்களுக்கு ஊசி குத்திய தாதியைப் பார்ப்பது புதிதே இல்லை.

தாள்கள்: சம்பவப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். நேரம், இடம், ஊசியின் வகை, எவ்வளவு ஆழம், கையுறை இருந்ததா, சாட்சி யார். அன்றே நிரப்பி, கையொப்பத்தோடு ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இழப்பீடோ விடுமுறையோ கேட்டால் முதலில் கேட்பது இதைத்தான். என் பிரதி ‘அலுவலகத்தில் இருக்கிறது’ என்றார்கள், தேடியபோது இல்லை. பிறகு வரும் சோதனைகளோடு ஒப்பிட, அன்றைய தினமே உங்கள் இரத்தத்தை எடுப்பார்கள். நோயாளியின் இரத்தத்தை அவர் சம்மதத்தோடு சோதிப்பார்கள். அந்தச் சம்மதத்தை நீங்களே போய்க் கேட்காதீர்கள், வைத்தியர் கேட்பார். பிறகு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் எனத் தேதி தருவார்கள். சில சோதனைகள் ஆறாவது மாதம்வரை போகும். ஆறாவது வாரத் தேதியில் பரீட்சை விழுந்தால் அதைக் காரணம் சொல்லித் தவறவிடாதீர்கள். கடிதம் கொடுத்துப் பரீட்சையை மாற்றித் தரக் கேளுங்கள்.

9. குழாய் போட்ட நோயாளி

உடம்பில் வெளியிலிருந்து போகும் ஒவ்வொரு குழாயும் நாம் திறந்துவைத்த கதவு. நாளத்தில் போட்ட சிறு குழாயான கனுலாவின் வாயில் மருந்து செலுத்துமுன் மதுசாரத் துணியால் 15 நொடி உரசித் தேய்த்துக் காயவிடுங்கள். கனுலா இருக்கும் இடத்தை ஒவ்வொரு பணி நேரத்திலும் பார்த்து எழுதுங்கள்: சிவப்பு, வீக்கம், நோவு. குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பை எப்போதும் நோயாளியின் அடிவயிற்றுக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். எக்ஸ்ரேக்குச் சக்கர நாற்காலியில் கொண்டு போகும்போது பையை அவர் மடியில் வைப்பார்கள், தேங்கிய சிறுநீர் திரும்பி உள்ளே போகும். சுவாச இயந்திரத்தில் இருப்பவரின் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயரத்தில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தினமும் காலையில் ஒரு கேள்வி: ‘இந்தக் குழாய் இன்றும் தேவையா?’ பயிற்சிப் பெண் கேட்டால் வைத்தியருக்குக் கோபம் வருமோ என்று நினைத்தேன். இரண்டாவது தடவை அவரே என்னைப் பார்த்து, ‘இன்றைக்கு எடுத்துவிடலாம் மிஸ்’ என்றார்.

10. இரத்தம் சிந்தினால் குளோரின் கணக்கு

கையுறை போட்டு, முதலில் காகிதத் துணியால் இரத்தத்தை உறிஞ்சி மஞ்சள் பைக்குள் போடுங்கள். பிறகு 1 வீத குளோரின் கரைசல், பத்து நிமிடம். 5 வீதப் புட்டி என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். தரை, கட்டில் போன்ற மேற்பரப்புகளுக்கு 0.1 வீதம், அதாவது ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். புட்டியின் மேல் அச்சிட்ட வீதத்தைப் படிக்காமல் ‘கண் அளவில்’ கலக்காதீர்கள், புட்டிக்குப் புட்டி வேறுபடும். அன்றன்றைக்குக் கலந்து, நேரம் எழுதி ஒட்டி, 24 மணி நேரத்துக்குப் பின் ஊற்றிவிடுங்கள். கழிப்பறை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், வரும் வாயு மூச்சை அடைக்கும். சிறுநீர் தேங்கிய இடத்திலும் முதலில் உறிஞ்சிவிட்டுத்தான் குளோரின்.

11. பார்க்க வருபவர்களும் மூன்று சிங்களச் சொற்களும்

பார்வை நேரத்தில் ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள், இருவர் கட்டிலிலேயே உட்காருவார்கள், குழந்தை தரையில் தவழும். சட்டம் பேசினால் பயனில்லை. ‘அம்மா, அவருக்குக் காயம் இருக்கிறது, நாற்காலியில் இருங்கள், கையில் இதைத் தேய்த்துக்கொள்ளுங்கள்’ என்று தேய்ப்புப் புட்டியை நீட்டினால் யாரும் மறுத்ததில்லை. இருமலோடு வந்தவருக்கு முகக்கவசத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், ‘போடுங்கள்’ என்று சொல்லத் தேவைப்படாது.

சிங்களம் தெரியாமல் வருபவர்கள் குறைந்தது மூன்று சொற்களை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்: கெஸ்ஸ என்றால் இருமல், உண என்றால் காய்ச்சல், பாச்சனய என்றால் வயிற்றோட்டம். அனுமதிக்கும்போது நோயாளி இவற்றைச் சொன்னால் எந்தக் கட்டிலில் போடுவது என்பதே மாறும். நான் ஒருமுறை கெஸ்ஸவைத் தவறவிட்டு, காசநோய்ச் சந்தேகம் உள்ள ஒருவரைப் பொது வார்டின் நடுக் கட்டிலில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டேன். அத் ஹோதன்ன என்பது கையைக் கழுவுங்கள். அதை நீங்கள் சொல்வதைவிட உங்களுக்குச் சொல்லப்படுவதுதான் அதிகம்.

12. போர்டிங்குக்குத் திரும்பும்போது

சீருடையோடு பஸ் ஏறாதீர்கள். மாற்றுடை கொண்டு போய், அழுக்குச் சீருடையைத் தனிப் பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பையையும் சேர்த்தே துவையுங்கள், மற்றத் துணிகளோடு கலக்காமல். சுடுதண்ணீர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சவர்க்காரத் தூளில் நன்றாக ஊறவைத்து, முழுதும் காயவிட்டு, சூடான இஸ்திரி போடுங்கள். தொலைபேசியைப் பணி முடிந்ததும் மதுசாரத் துணியால் துடையுங்கள், உறையைக் கழற்றிவிட்டு. பேனாவையும்தான். வார்டுப் பேனாவை அறைக்குள் கொண்டுவராமல் லொக்கரிலேயே விட்டுவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

சப்பாத்து அறைக்கு வெளியே. எங்கள் போர்டிங்கில் வாசலில் சப்பாத்து வைத்தால் காணாமல் போகும் என்று வீட்டுக்கார அன்ரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று புறக்கோட்டையில் வாங்கி, பூட்டுப் போட்டு, படிக்கட்டுக்குக் கீழே வைத்தோம். சாவி என்னிடமும் அறைத் தோழியிடமும் இருக்கிறது.

உங்கள் காய்ச்சலையும் மறைக்காதீர்கள். வருகைப் பதிவு போய்விடும் என்று பரசிட்டமோலை விழுங்கிவிட்டு வார்டுக்குப் போவது எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்தது. இன்ஃபுளுவென்சாவோடு போனால் இதய வார்டில் இருக்கும் எழுபது வயது ஐயாவுக்கு அதைக் கொண்டு போவது நீங்களாகத்தான் இருக்கும். மருத்துவச் சான்றிதழை அன்றே எடுத்து, தேதியோடு கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மறுநாள் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள்.